எண் வேறு, எழுத்து வேறு: அடிமானத்தை மாற்றினால் எது மாறும், எது மாறாது?

111111111-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 12345678987654321. இந்தக் கணக்கு 'எண்களின் அதிசயம்' என்ற தலைப்போடு வந்து சேராத வாட்ஸ்அப் குழு இருக்காது. பின்னாலேயே இன்னொன்று வரும்: ஒன்பதாம் வாய்ப்பாட்டில் எந்த விடையின் இலக்கங்களைக் கூட்டினாலும் கடைசியில் 9தான் நிற்கும், ஆகவே 9 தெய்வீகமான எண். இரண்டு கணக்கும் சரியானவைதான். ஆனால் அந்த அதிசயம் எண்ணுக்குச் சொந்தமா, நாம் அதை எழுதும் முறைக்குச் சொந்தமா என்று யாரும் கேட்பதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு குழப்பம் உண்டு. கணினிப் பாடத்தில், 0, 1 மட்டும் கொண்டு எழுதும் இருநிலை எண்களைக் கொஞ்சம் படித்தவர்கள், "மூன்றை அடிமானமாக எடுத்தால் 2 + 2 = 11. பார்த்தீர்களா, கணிதமே நாம் வசதிக்குச் செய்துகொண்ட ஏற்பாடுதான்" என்பார்கள். 17 பகா எண் என்றால் இருநிலையில் எழுதினாலும் பகா எண்தானா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. முதல் தரப்பு எழுத்தில் இருப்பதை எண்ணின் மேல் ஏற்றுகிறது. இரண்டாம் தரப்பு, எழுத்து மாறினால் எண்ணும் மாறிவிடும் என்று பயப்படுகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து போதும்.

## கல் குவியலும் அதன் பெயரும்

தரையில் கூழாங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. பத்துப் பத்தாகக் கூறு கட்டுகிறோம்: மூன்று கூறு, மிச்சம் எட்டுக் கல். 38 என்று எழுதுகிறோம். அதே குவியலை ஏழேழாகக் கட்டினால் ஐந்து கூறும் மூன்று கல்லும் வரும். இப்போது அதன் பெயர் 53. ஐந்தைந்தாகக் கட்டினால் ஏழு கூறு, மூன்று கல். ஆனால் ஐந்து கூறு சேர்ந்ததுமே அவற்றை ஒரு பெரிய கூறாகக் கட்டிவிட வேண்டும் என்பது விதி. அப்போது ஒரு பெரிய கூறு, இரண்டு சின்னக் கூறு, மூன்று கல், பெயர் 123. பெயர்கள் மூன்று. குவியலில் ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரு கூறுக்கு எத்தனை என்று வைத்துக்கொள்கிறோமோ அதுதான் அடிமானம். ஒவ்வோர் இலக்கமும் தான் நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பெறும் மதிப்பு இட மதிப்பு. பத்தடிமானத்தில் இட மதிப்புகள் 1, 10, 100, 1000 என்று போகும். ஐந்தடிமானத்தில் 1, 5, 25, 125 என்று போகும். மாற்றுவதற்கு மந்திரம் எதுவும் வேண்டாம். புதிய அடிமானத்தால் திரும்பத் திரும்ப வகுத்து, மீதிகளைக் கடைசியிலிருந்து முதலுக்கு எழுத வேண்டும். 38-ஐ 5-ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 3. 7-ஐ வகுத்தால் ஈவு 1, மீதி 2. எஞ்சிய 1-ஐ முன்னால் வைத்தால் 123.

பத்துக்குத் தனிச் சிறப்பு கணிதத்தில் இல்லை, நம் கைவிரல்களில் இருக்கிறது. பாபிலோனியர் 60-ஐ வைத்து எழுதினார்கள். ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பது அதன் மிச்சம். மாயர்கள் 20-ஐ வைத்து எண்ணினார்கள். ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடலாம்: எந்த அடிமானத்திலும் அந்த அடிமானத்தின் பெயர் '10'தான். ஏழடிமானத்தில் ஏழு '10', பன்னிரண்டடிமானத்தில் பன்னிரண்டு '10'. ஆகவே "நான் பத்தை அடிமானமாகக் கொண்டு எழுதுகிறேன்" என்று எல்லோரும் சொல்லலாம், எல்லோரும் சரி.

பத்துக்கு மேற்பட்ட அடிமானத்தில் பத்து, பதினொன்று போன்றவற்றுக்கும் ஒற்றைக் குறி தேவைப்படும். இந்தக் கட்டுரையில் அ = 10, ஆ = 11, இ = 12 என்று வைத்துக்கொள்வோம்.

## கல் சோதனை

இப்போது மருந்துக்கு வருவோம். ஓர் எண்ணைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால், அதை எழுதாமல், கற்களை மட்டும் வைத்துச் சரிபார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அது எண்ணின் பண்பு. இலக்கங்கள் இல்லாமல் முடியாது என்றால் அது எழுத்தின் பண்பு.

இரட்டை எண்ணா? கற்களைச் சோடி சோடியாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முழு வர்க்கமா? சதுரமாக அடுக்கிப் பாருங்கள். பகா எண் என்பது, ஒரே வரிசையாக வைப்பதைத் தவிர வேறெந்த விதத்திலும் செவ்வகமாக அடுக்க முடியாத குவியல். இதில் எங்கும் இலக்கம் வரவில்லை. ஆகவே 17 எந்த அடிமானத்திலும் பகா எண்தான். இருநிலையில் 10001 என்று எழுதினாலும், மூன்றடிமானத்தில் 122 என்று எழுதினாலும், பதினேழு கற்களைச் செவ்வகமாக்க முடியாது. 2 + 2 = 11 என்பதும் அப்படித்தான். இரண்டு கல்லும் இரண்டு கல்லும் சேர்ந்து எத்தனை ஆகுமோ அத்தனைதான் ஆகியிருக்கிறது. அந்தக் குவியலுக்கு மூன்றடிமானத்தில் பெயர் 11.

"கடைசி இலக்கம் 7", "முன்பின்னாகப் படித்தாலும் ஒன்றே", "இலக்கங்களின் கூட்டல் 10" என்பவையெல்லாம் மறுபக்கம். கற்களுக்குக் கடைசி இலக்கம் கிடையாது.

வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. பதின்மூன்றை ஏழடிமானத்தில் எழுதினால் 16. கடைசியில் 6 நிற்பதால் இரட்டை எண் போலத் தோன்றும். கற்களைச் சோடி சேர்த்தால் ஒன்று மிஞ்சும். இரட்டைத்தன்மை எண்ணின் பண்பு. ஆனால் 'கடைசி இலக்கத்தைப் பார்' என்ற குறுக்குவழி அடிமானம் இரட்டையாக இருக்கும்போது மட்டுமே செல்லும். ஒற்றை அடிமானத்தில் இலக்கங்களையெல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும்: 1 + 6 = 7, ஒற்றை, ஆகவே எண்ணும் ஒற்றை.

## 1729: ஒரே எண், இரண்டு வகைப் புகழ்

லண்டனில் உடல்நலம் குன்றியிருந்த இராமானுஜனைப் பார்க்க ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டி வந்த, 1729 என்ற எண் கொண்ட டாக்சியின் கதை தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1729 = 1³ + 12³ = 9³ + 10³. இரண்டு நேர்க் கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது.

இதே எண்ணுக்கு இன்னொரு பெருமையும் சொல்லப்படுகிறது. 1 + 7 + 2 + 9 = 19. அந்த 19, 1729-ஐ மீதியின்றி வகுக்கும், ஈவு 91. 19-ஐத் திருப்பிப் போட்டால் 91! தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு ஹர்ஷத் எண் என்று பெயர். இந்த வகையை வரையறுத்தவர் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேக்கர் (1905–1986).

இரண்டு பெருமைகளும் ஒரே பட்டியலில், ஒரே தொனியில் அடுக்கப்படும். கல் சோதனை வைத்தால் இரண்டும் பிரிந்துவிடும். கன எண்களை அடுக்கிக் காட்டலாம்: பக்கத்துக்குப் பன்னிரண்டு கல் வைத்த கனசதுரமும் ஒரு தனிக் கல்லும்; அதைக் கலைத்து, பக்கத்துக்குப் பத்தும் பக்கத்துக்கு ஒன்பதுமாக இரண்டு கனசதுரங்கள். எழுதவே வேண்டாம். ஹர்ஷத் விஷயம் அப்படியில்லை:

எட்டடிமானத்தில் 1729-இன் வடிவம் 3301. கூட்டல் 7; 1729 = 7 × 247. ஹர்ஷத்தான்.
பதினாறடிமானத்தில் 6இ1. கூட்டல் 6 + 12 + 1 = 19. ஹர்ஷத்தான்.
பன்னிரண்டடிமானத்தில் 1001. கூட்டல் 2. 1729 ஒற்றை எண். ஹர்ஷத் இல்லை.
இருநிலையில் 11011000001. கூட்டல் 5. ஹர்ஷத் இல்லை.

ஆக "1729 ஒரு ஹர்ஷத் எண்" என்பது அரை வாக்கியம். எந்த அடிமானத்தில் என்று சேர்த்தால்தான் அது முழு வாக்கியம். காப்ரேக்கர் 1949-இல் கண்டுபிடித்த புகழ்பெற்ற 6174-க்கும் இதே கதை. நான்கு இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும்: 7641 − 1467 = 6174. தன்னிடமே திரும்பி வருகிறது. ஐந்தடிமானத்தில் அப்படித் திரும்பி வருவது 3032; அங்கே 3320 − 0233 = 3032. விளையாட்டு எல்லா அடிமானத்திலும் உண்டு, ஆனால் வெல்பவர் வேறு; சிலவற்றில் வெல்பவரே இல்லை.

## ஒன்பதின் மகிமை எங்கிருந்து வருகிறது

கற்களிடமே திரும்புவோம். பத்துக் கல் கொண்ட ஒவ்வொரு கூறிலிருந்தும் ஒரு கல்லை எடுத்து வெளியே வையுங்கள். கூறில் ஒன்பது எஞ்சும். அது 9-ஆல் வகுபடும், அதை மறந்துவிடலாம். நூறு கொண்ட கூறிலிருந்தும் ஒரு கல்லை எடுத்தால் 99 எஞ்சும். அதுவும் 9-ஆல் வகுபடும். ஆயிரத்தில் 999. இப்படி வெளியே வந்த கற்கள் எத்தனை? பத்தின் கூறுகள் எத்தனையோ அத்தனை, நூறின் கூறுகள் எத்தனையோ அத்தனை. அதாவது இலக்கங்களின் கூட்டுத்தொகை! ஆகவே ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும், அதன் இலக்கக் கூட்டலை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே.

இதில் ஒன்பதுக்கு இருக்கும் ஒரே தகுதி, அது பத்துக்கு ஒன்று குறைவு என்பதே. எட்டெட்டாகக் கட்டினால் அந்த நாற்காலி ஏழுக்குப் போகும். எட்டடிமானத்தில் ஏழாம் வாய்ப்பாடு இது: 7, 16, 25, 34, 43, 52, 61, 70. ஒவ்வொன்றின் கூட்டலும் 7. முதல் இலக்கம் ஏறிக்கொண்டே போக, இரண்டாவது இறங்கிக்கொண்டே வரும் அந்த அழகும் அப்படியே இருக்கிறது. மனிதருக்கு எட்டு விரல் இருந்திருந்தால் ஏழுதான் தெய்வீக எண் ஆகியிருக்கும்.

11-ஆல் வகுபடுகிறதா என்று பார்க்க இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்கும் விதியும் இதே இனம். அடிமானத்துக்கு ஒன்று கூடுதலான எண்ணுக்கு அது செல்லும்: பன்னிரண்டடிமானத்தில் 13-க்கு, ஏழடிமானத்தில் 8-க்கு.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். குவியல் ஒன்று, பெயர்கள் பல. வகுபடுவது, பகா எண்ணாக இருப்பது, வர்க்கமாக இருப்பது குவியலைச் சேர்ந்தவை. இலக்கங்களைத் தொட்டுப் பேசும் எதுவும் பெயரைச் சேர்ந்தது. வகுபடும் தன்மைக்கான குறுக்குவழிகள் இரண்டுக்கும் நடுவே நிற்பவை: அவை கண்டுபிடிப்பது குவியலின் பண்பை, கண்டுபிடிக்கும் வழி பெயரைப் பொறுத்தது.

## அப்படியானால் அடிமானத்தை ஏன் மாற்ற வேண்டும்?

எண் மாறவில்லை என்றால் வழக்கமில்லாத அடிமானத்தில் எழுதிப் பார்ப்பது வீண்வேலை என்று தோன்றலாம். உண்மை நேர் எதிர். எண் மாறாததால்தான் அந்த வேலைக்குப் பயன் இருக்கிறது. ஒரு பெயரில் மறைந்திருப்பது இன்னொரு பெயரில் பளிச்சென்று தெரியும்.

பன்னிரண்டடிமானத்தில் 1729-இன் பெயர் 1001 என்று பார்த்தோம். எந்த அடிமானத்திலும் 1001 என்பது 'அடிமானத்தின் கனம் கூட்டல் ஒன்று'. பள்ளியில் படித்த x³ + 1 = (x + 1)(x² − x + 1) நினைவிருக்கிறதா? அதன்படி 1001 என்று எழுதப்படும் எந்த எண்ணும் அடிமானத்துக்கு ஒன்று கூடுதலான எண்ணால் வகுபட்டே தீரும். பத்தடிமானத்தில் 1001 = 11 × 91. பன்னிரண்டடிமானத்தில் x = 12, ஆகவே 1729 = 13 × 133. வகுத்துப் பார்க்காமலே காரணி கிடைத்துவிட்டது. 1³ + 12³ என்ற இராமானுஜன் கூற்றின் ஒரு பாதியும் அந்த 1001-இலேயே எழுதப்பட்டிருக்கிறது. பத்தடிமானத்தில் '1729' என்ற நான்கு இலக்கங்களை எவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்தாலும் இது தெரியாது.

121 இன்னும் எளிது. மூன்று முதல் எந்த அடிமானத்திலும் 121 ஒரு முழு வர்க்கம், ஏனென்றால் x² + 2x + 1 = (x + 1)². பத்தில் 11², எட்டில் 9², ஆறில் 7². தொடக்கத்தில் பார்த்த 12345678987654321-உம் இதே குடும்பம்தான். 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121, 111-ஐ 111-ஆல் பெருக்கினால் 12321 என்று வரிசை போவது, ஒன்றுகளை இடம் தள்ளித் தள்ளி வைத்துக் கூட்டுவதால். நடுப் பத்தியில் எத்தனை ஒன்று சேருகிறதோ அந்த எண்ணிக்கை அடிமானத்தை எட்டாதவரை அழகு நிலைக்கும். ஏழடிமானத்தில் ஆறு ஒன்றுகள் வரை தாங்கும்: 111111 × 111111 = 12345654321. பத்தடிமானத்தில் பத்து ஒன்றுகள் வைத்துப் பாருங்கள், 1234567900987654321 என்று நடுவில் உடைந்துவிடும். குழுக்களில் அந்த அடுத்த வரியை மட்டும் யாரும் அனுப்புவதில்லை.

இருநிலைக்கு ஒரு தனி விருந்து இருக்கிறது. தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளையெல்லாம் கூட்டினால் தானே வரும் எண் நிறைவெண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. அடுத்தவை 496, 8128. பத்தடிமானத்தில் இவற்றுக்குள் ஓர் உறவும் தெரியவில்லை. இருநிலையில் எழுதுங்கள்:

6 = 110
28 = 11100
496 = 111110000
8128 = 1111111000000

ஒன்றுகள் 2, 3, 5, 7. ஒவ்வொன்றிலும் பூச்சியங்கள் அதைவிட ஒன்று குறைவு. ஒன்றுகள் மட்டும் நிற்கும் பகுதி (3, 7, 31, 127) பகா எண்ணாக இருந்தால், இப்படிப் பூச்சியங்களைச் சேர்த்துக் கிடைப்பது நிறைவெண் என்று யூக்ளிட் நிறுவினார். இருநிலை எழுத்து அவரிடம் இல்லை. நமக்கு ஒரே பார்வையில் தெரிவதை அவர் சொற்களால் நிறுவ வேண்டியிருந்தது. இங்கே நிறைவெண்ணாக இருப்பது குவியலின் பண்பு. இருநிலை அதை உண்டாக்கவில்லை, தெரியவைக்கிறது.

ஒன்றுகள் மட்டுமே கொண்ட எழுத்து இன்னொரு கேள்வியையும் கொண்டுவரும். 31 இருநிலையில் 11111, ஐந்தடிமானத்தில் 111. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஒன்றுகளாக இரண்டு வெவ்வேறு அடிமானங்களில் எழுதக்கூடிய எண்கள் வேறு எவை? 8191 தெரியும்: இருநிலையில் பதின்மூன்று ஒன்றுகள், 90 அடிமானத்தில் 111 (8100 + 90 + 1). இந்த இரண்டைத் தவிர வேறில்லை என்று 1917-இல் பெல்ஜியரான கோர்மாக்டீக் ஊகித்தார். நூறாண்டுக்கு மேலாகியும் அதற்கு நிரூபணம் இல்லை.

## எல்லா அடிமானத்தையும் ஒருசேரக் கேட்டால்

கல் சோதனையில் ஓர் ஓட்டை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். "இந்த அடிமானத்தில் இப்படி" என்பது எழுத்தின் பண்பு. "எந்த அடிமானத்தில் எழுதினாலும் இப்படி" என்று சொன்னால்? இப்போது எந்த ஓர் எழுத்துக்கும் சலுகை இல்லை. பண்பு மறுபடி எண்ணுக்கே சொந்தமாகிவிடுகிறது.

ஹர்ஷத்தை எடுத்துக்கொள்வோம். எல்லா அடிமானங்களிலும் ஹர்ஷத்தாக இருக்கும் எண்கள் நான்கே நான்கு: 1, 2, 4, 6. பன்னிரண்டு மயிரிழையில் தோற்றது. எட்டடிமானத்தில் அது 14 ஆகி, கூட்டல் 5 ஆகிவிடுகிறது. மற்ற எல்லா அடிமானங்களிலும் தேறிவிடும்.

'விகடகவி' போல முன்பின்னாகப் படித்தாலும் மாறாத எண்களிடம் இதையே கேட்டால் விடை இன்னும் சுவையானது. அவற்றை இருவழி எண்கள் என்போம். எந்த எண்ணும் தனக்கு ஒன்று குறைவான அடிமானத்தில் 11 ஆகிவிடும். அந்த மலிவான வெற்றியை விட்டுவிடுவோம். 2-இலிருந்து, எண்ணுக்கு இரண்டு குறைவான அடிமானம்வரை, ஒன்றில்கூட இருவழி எண்ணாகாத எண்கள் உண்டா? உண்டு: 11, 19, 47 போன்றவை. அப்படிப்பட்ட எண் 6-க்கு மேல் இருந்தால் அது கட்டாயம் பகா எண்.

இலக்கங்களைப் பற்றிய கேள்விக்குள் பகா எண் எப்படி நுழைந்தது? காரணம் இரண்டு வரிதான். 91 பகு எண்: 7 × 13. ஏழு பதின்மூன்றுகள் என்பதை ஏழு பன்னிரண்டுகளும் ஏழு ஒன்றுகளும் என்று பிரிக்கலாம். ஆகவே பன்னிரண்டடிமானத்தில் 91-இன் பெயர் 77. அதேபோல 35 = 5 × 7, ஆறடிமானத்தில் 55. பெரிய காரணிக்கு ஒன்று குறைவான அடிமானத்தை எடுத்தால் சிறிய காரணி இரண்டு முறை வந்து நிற்கும். காரணிகள் அடுத்தடுத்த எண்களானால் வேறு சோடியைப் பிடிக்கலாம். 20-இல் 4 × 5 உதவாவிட்டால் 2 × 10 இருக்கிறது, ஒன்பதடிமானத்தில் 22. பகா எண்ணின் வர்க்கமானால் மேலே பார்த்த 121 கைகொடுக்கும்: 49, ஆறடிமானத்தில் 121. அது எட்டாத 9-க்கு இருநிலை இருக்கிறது: 1001. ஆக ஒவ்வொரு பகு எண்ணும் எங்காவது ஓர் அடிமானத்தில் மாட்டிக்கொள்ளும். தப்பிக்க வாய்ப்பிருப்பது பகா எண்களுக்கு மட்டுமே, அவற்றிலும் சிலவற்றுக்கே: 13 மூன்றடிமானத்தில் 111 ஆகி மாட்டிக்கொள்கிறது.

## இன்னும் விசித்திரமான அடிமானங்கள்

அடிமானம் நேர் முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டுமா? இல்லை. −10-ஐ வைத்துப் பார்ப்போம். இட மதிப்புகள் 1, −10, 100, −1000, 10000. 1729-ஐ இதில் எழுதினால் 19889; சரிபார்த்தால் 10000 − 9000 + 800 − 80 + 9 = 1729. −1729-ஐ எழுதினால் 2331: −2000 + 300 − 30 + 1. கழித்தல் குறியே தேவைப்படவில்லை! இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றையானால் நேர் எண், இரட்டையானால் குறை எண். இப்படிப்பட்ட குறை அடிமானங்களை 1885-லேயே இத்தாலியரான குரூன்வால்ட் ஆராய்ந்திருக்கிறார். கூட்டும்போது கைமாற்று எதிர்க்குறியோடு போகும் என்பதால் மனக்கணக்குக்கு இது கொடுமை.

மூன்றை அடிமானமாக வைத்து, 0, 1, 2-க்குப் பதிலாக −1, 0, 1 ஆகியவற்றை இலக்கங்களாகக் கொள்வது இன்னொரு வகை. இதைச் சமநிலை மும்மை எனலாம். + என்பது 1, − என்பது −1 என்று வைத்தால் 5-இன் வடிவம் + − −, அதாவது 9 − 3 − 1. குறிகளைப் புரட்டிப் போட்டால் − + +, அதுவே −5. 1, 3, 9, 27 எடைக்கற்கள் நான்கை மட்டும் தராசின் இரு தட்டிலும் வைக்க அனுமதித்தால் 1 முதல் 40 வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம் என்ற பழைய புதிரின் விடை இதுதான். 1958-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் புருசென்ட்சோவ் குழுவினர் உருவாக்கிய சேதுன் என்ற கணினி இந்த முறையில்தான் இயங்கியது.

அடிமானம் முழு எண்ணாகக்கூட இருக்க வேண்டியதில்லை. பொன் விகிதமான φ (சுமார் 1.618) அடிமானமாக இருக்கலாம் என்று 1957-இல் ஜார்ஜ் பெர்க்மன் என்ற அமெரிக்கச் சிறுவர் காட்டினார். இலக்கங்கள் 0, 1 மட்டும். φ ஒரு விகிதமுறா எண், அதாவது இரு முழு எண்களின் விகிதமாக எழுத முடியாதது. ஆனாலும் ஒவ்வொரு நேர் முழு எண்ணும் அதில் முடிவுள்ள வடிவம் பெறுகிறது. 2 = 10.01, அதாவது φ + 1/φ². 3 = 100.01. விகிதமுறா எண்களைக் கூட்டி முழு எண் வருவது முதல் பார்வையில் நம்ப முடியாதது, 1.618-ஐயும் 0.382-ஐயும் கூட்டிப் பாருங்கள்.

π-ஐ அடிமானமாக வைத்தால் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1, 2, 3-ஐத் தவிர எந்த நேர் முழு எண்ணும் அதில் முடிவடையாது. ஆனால் π மட்டும் '10' என்று அழகாக முடியும். இதைப் பிடித்துக்கொண்டு "அப்படியானால் π விகிதமுறு எண் ஆகிவிட்டதே" என்று வாதாடுபவர்கள் உண்டு. கல் சோதனை போதும்: விகிதமுறு எண் என்றால் இரண்டு குவியல்களின் விகிதம். குவியல்களுக்கு அடிமானம் கிடையாது. π-க்கு அப்படி இரண்டு குவியல்கள் இல்லை, அதை எப்படி எழுதினாலும்.

கணினி 0.1 + 0.2-க்கு 0.30000000000000004 என்று விடை சொல்வதும் எழுத்தின் வேலைதான். பத்தின் காரணியான ஐந்து, இரண்டின் காரணி அல்ல. அதனால் பத்தில் ஒரு பங்கு இருநிலையில் முடிவில்லாமல் ஓடும். எங்கேயோ வெட்டத்தான் வேண்டும். பத்தடிமானத்தில் மூன்றில் ஒரு பங்கு 0.333... என்று ஓடுகிறதே, அதே தொல்லை. பன்னிரண்டடிமானத்தில் அது 0.4 என்று முடிந்துவிடும்.

## எழுத்தின் பண்பு என்றால் இளப்பமா?

ஹார்டிக்கு இதில் அழுத்தமான கருத்து இருந்தது. நான்கிலக்க எண்களில் 8712, 9801 இரண்டு மட்டுமே தம்மைத் திருப்பிப் போட்ட எண்ணின் மடங்குகள் (4 × 2178 = 8712, 9 × 1089 = 9801) என்பதை எடுத்துக்காட்டி, கணிதவியலாளரைக் கவர இதில் ஒன்றுமில்லை என்று அவர் ஒதுக்கினார். பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவதை எட்டடிமானத்தில் செய்து பாருங்கள்: 7 × 1067 = 7601. ஏழடிமானத்தில் 6 × 1056 = 6501. மூன்று முதல் எல்லா அடிமானங்களிலும் அது நடக்கும், ஏனென்றால் அடிமானம் x ஆனால் 9801-இன் இடத்தில் நிற்பது (x² − 1)². தற்செயல் என்று தள்ளியதற்குள் ஒரு குட்டி இயற்கணிதம் ஒளிந்திருக்கிறது.

எழுத்தின் பண்புகளில் சில, பிடி கொடுக்காத கடினமானவை. ஓர் எண்ணைத் திருப்பிப் போட்டு அதனோடு கூட்டுங்கள். இருவழி எண் வரும்வரை தொடருங்கள். 57 + 75 = 132, 132 + 231 = 363, வந்துவிட்டது. பெரும்பாலான சிறிய எண்கள் சில படிகளில் வந்துவிடும். 196 வரவில்லை. கணினிகள் கோடிக்கணக்கான இலக்கங்கள் வரை துரத்திப் பார்த்தும் இருவழி எண் கிடைக்கவில்லை. கிடைக்கவே கிடைக்காது என்று நிறுவவும் முடியவில்லை.

இருநிலையில் இதே கேள்விக்கு விடை இருக்கிறது. 22-ஐ, அதாவது 10110-ஐ, எடுத்துத் தொடங்கினால் நான்காவது படியில் 10110100. இன்னும் நான்கு படி போனால் 1011101000. அதே உருவம், நடுவிலுள்ள ஒன்றுக் கூட்டத்தில் ஓர் ஒன்றும் கடைசியில் ஒரு பூச்சியமும் மட்டும் கூடுதல். ஒவ்வொரு நான்கு படிக்கும் இந்த உருவம் ஓர் அளவு நீண்டுகொண்டே போகும், இடையில் வரும் வடிவங்களும் அப்படியே நீளும், அவற்றில் எதுவும் இருவழி எண் அல்ல. ஆகவே 22 ஒருபோதும் சேராது என்பது நிரூபணம். பத்தடிமானத்து 196-க்கு இப்படித் திரும்பத் திரும்ப வரும் உருவம் எதுவும் இதுவரை தட்டுப்படவில்லை.